புயல் மழைக்கு முன் எதை வாங்கி வைக்கலாம்? முதல்முறை தயாராகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

ஆன்லைன் கடைகளில் 'எமர்ஜென்சி கிட்' என்று தேடினால் சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரு முதுகுப்பை வரும். உள்ளே மடக்குக் கத்தி, திசைகாட்டி, நைலான் கயிறு, தீமூட்டும் கம்பி, உடல்சூட்டைக் காக்கும் அலுமினியப் போர்வை, விசில் எல்லாம் இருக்கும். குளிர் நாட்டில் காட்டுப் பாதையில் மாட்டிக்கொண்டவருக்கு இவை உயிர்காக்கும் பொருள்கள். டிசம்பர் மாதத்தில் வேளச்சேரியிலோ முடிச்சூரிலோ மாடி வீட்டில் மூன்று நாள் கரண்ட் இல்லாமல் இருக்கப்போகிற குடும்பத்துக்கு அந்தப் பையில் உதவக்கூடியது அநேகமாக விசில் மட்டும்தான். குடிதண்ணீர் அதில் இல்லை. அப்பாவின் பிரஷர் மாத்திரையும் இல்லை.

அதனால் ரெடிமேட் பையா, நாமே சேர்ப்பதா என்ற முதல் கேள்விக்கு என் பதில், நாமே சேர்ப்பதுதான். செலவு குறையும் என்பது சின்னக் காரணம். நம் கடலோர மாவட்டங்களில் பேரிடர் வரும் விதமே வேறு என்பதுதான் பெரிய காரணம்.

கடந்த சில ஆண்டுகளை வரிசையாகப் பாருங்கள். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. அடையாற்றின் கரையோரம் மூழ்கியது, மின்சாரமும் செல்போனும் சேர்ந்தே போயின. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா வந்தபோது வெள்ளத்தைவிட விழுந்த மரங்களும் அறுந்த கம்பிகளும்தான் சென்னையை முடக்கின. பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து ஒரு மாதமே ஆகியிருந்ததால் மக்கள் கையில் ரொக்கமும் இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா, டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. பல கிராமங்களுக்குக் கரண்ட் திரும்ப வாரக்கணக்கானது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் சென்னையை மூழ்கடித்த இரண்டு வாரத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. 2024-இல் ஃபெஞ்சல், புதுச்சேரியையும் விழுப்புரத்தையும் நனைத்துத் தள்ளியது.

இவை எல்லாவற்றிலும் முதலில் போனது மின்சாரம். சேதம் எதுவும் இல்லாவிட்டாலும், தெருவில் தண்ணீர் தேங்கினால் மின்வாரியமே பாதுகாப்புக்காக இணைப்பை நிறுத்திவிடும். கரண்ட் போனால் மோட்டார் ஓடாது, ஆர்.ஓ. மெஷின் ஓடாது, லிஃப்ட் நிற்கும், செல்போன் டவர் பேட்டரி தீர்ந்து அணையும், கார்டு மெஷினும் ஜிபேயும் நின்றுபோகும். ஆகவே எந்தப் பொருளை வாங்குவதற்கு முன்னாலும் நான் இரண்டு கேள்விகள் கேட்கிறேன். கரண்டும் கடையும் இல்லாமல் மூன்று நாள் இது உதவுமா? சாதாரண நாளிலும் இதைப் பயன்படுத்துவோமா? இரண்டாவது கேள்வி முக்கியம். பரணில் மூட்டை கட்டி வைத்த பொருள், தேவைப்படும் நாளில் காலாவதியாகியிருக்கும். ஜப்பானில் குடும்பங்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான்: வழக்கமாகச் சாப்பிடுவதையே கொஞ்சம் கூடுதலாக வாங்கு, பழையதை முதலில் எடு, எடுத்ததை மறுபடி நிரப்பு.

கீழே வரும் கணக்கெல்லாம் நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு, மூன்று நாளுக்கு.

வீட்டிலேயே இருப்பீர்களா, கிளம்புவீர்களா?

பொருள் பட்டியலுக்கு முன்னால் இதை முடிவு செய்துகொள்ள வேண்டும். முதல் மாடியிலோ அதற்கு மேலோ கான்கிரீட் வீட்டில் இருக்கிறவர்கள் பெரும்பாலும் வீட்டோடு இருப்பார்கள். அவர்களுக்குத் தண்ணீரும் வெளிச்சமும் சமையலும்தான் செலவின் பெரும்பகுதி. தரைத்தளம், ஆற்றோரம், ஏரியின் தாழ்வான பக்கம், ஓட்டு வீடு, கீற்று வீடு, கடலோரக் குப்பம் என்றால் கிளம்பத்தான் வேண்டும். அவர்கள் அறுபது லிட்டர் தண்ணீரை வாங்கி அடுக்கி வைத்துப் பயனில்லை. இடுப்பளவு தண்ணீரில் ஒரு கையால் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய ஒரு பைதான் அவர்களுக்கு வேண்டும். நிவாரண முகாமில் சாப்பாடு கிடைக்கும். உங்கள் மாத்திரை, குழந்தைக்கு வேண்டியது, நாப்கின், மாற்றுத்துணி, மூக்குக்கண்ணாடி, வீட்டுப் பத்திரம் ஆகியவை அங்கே கிடைக்காது. பையில் அவைதான் முதலில் போக வேண்டும்.

எந்த வகை என்று சந்தேகமாக இருந்தால் 2015-இலும் 2023-இலும் உங்கள் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று பழைய ஆட்களிடம் கேளுங்கள். பல சுவர்களில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது.

தண்ணீர்

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் என்று வைத்தால் நான்கு பேருக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர். கழுவுவதற்கும் கழிப்பறைக்கும் ஆகிற தண்ணீர் இதைப்போலப் பல மடங்கு. இந்த இரண்டையும் தனித்தனியாக யோசிக்க வேண்டும். குடிதண்ணீரைப் பற்றியே எல்லோரும் கவலைப்படுகிறார்கள். இரண்டாம் நாள் வீட்டை இருக்கமுடியாத இடமாக்குவது கழிப்பறை.

20 லிட்டர் கேன்தான் பெரும்பாலோருக்கு முதலில் தோன்றும். சீல் உடையாதவரை நம்பலாம், அடுக்கி வைக்கலாம். மூன்று கேன் இருந்தால் நம் கணக்கு முடிந்தது. குறை என்னவென்றால், ரெட் அலர்ட் வந்தபின் கேன் போடுகிறவரைப் பிடிக்க முடியாது. கிடைத்தாலும் விலை வேறாக இருக்கும். வீட்டில் கூடுதலாக இரண்டு காலி கேன் வாங்கி, அக்டோபரிலிருந்து ஜனவரி வரை எப்போதும் இரண்டு நிறைந்த கேனைக் கையிருப்பாக வைத்துச் சுற்றிக்கொண்டே வந்தால் இந்தப் பிரச்சினை வராது. வயதானவர்கள் மட்டும் இருக்கிற வீட்டில் இருபது கிலோ கேனைச் சாய்த்து ஊற்றுவதே பாடு. அங்கே ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பாட்டில்கள் விலை கூடினாலும் பொருத்தம். கிளம்பும்போது கையில் எடுத்துப்போகவும் அவைதான் முடியும்.

குடத்திலும் டிரம்மிலும் பிடித்து வைப்பதற்குச் செலவே இல்லை. மூடி இருக்க வேண்டும், கொசு முட்டையிடக் கூடாது, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இது புழங்கும் தண்ணீருக்கு நல்ல வழி. குடிக்க வேண்டுமானால் காய்ச்சியாக வேண்டும்.

ஆனால் இதையெல்லாம் விடப் பெரிய சேமிப்பு ஏற்கெனவே உங்கள் மொட்டைமாடியில் இருக்கிறது. ஓவர்ஹெட் டேங்க் ஆயிரம் லிட்டர் என்றால் அது ஐம்பது கேனுக்குச் சமம். வெள்ளத்தில் கீழே இருக்கிற சம்ப்புக்குள் சாக்கடை கலந்த தண்ணீர் புகுந்துவிடும். மேலே இருக்கிற தொட்டிக்குள் புகாது. மழை வலுப்பதற்கு முன்பே மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பி வைத்துவிட வேண்டும். சம்ப்பில் வெள்ளம் கலந்தபின் அதைச் சுத்தம் செய்யும்வரை மோட்டாரைத் தொடக் கூடாது, தொட்டால் மேலே இருப்பதும் கெடும். காலியான பிளாஸ்டிக் டேங்க்கைப் புயல்காற்று தூக்கி எறியும். நிறைந்த டேங்க் அசையாது. தொட்டியை நிரப்ப இது இன்னொரு காரணம். அடுக்குமாடியில் தொட்டி எல்லோருக்கும் பொது. ஒரு வீட்டில் குழாயைத் திறந்துவிட்டுக் குளித்தால் மற்ற வீடுகளுக்கு இருக்காது என்பதால், வால்வை எந்த நேரம் திறப்பது என்று சங்கக் கூட்டத்தில் முன்பே பேசிவைப்பது நல்லது.

சுத்திகரிப்பில் ஆர்.ஓ., யு.வி. இரண்டையும் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள், இரண்டுக்கும் கரண்ட் வேண்டும். கேண்டில் ஃபில்டர் கரண்ட் இல்லாமல் ஓடும், கலங்கலைப் பிடிக்கும். நுண்கிருமி எல்லாவற்றையும் பிடிக்கும் என்று நம்ப முடியாது. காய்ச்சுவது நிச்சயமான வழி. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தாலே போதும், பத்து நிமிடம் கொதிக்கவிட்டு கேஸை வீணாக்கத் தேவையில்லை. குளோரின் மாத்திரை மிகச் சின்னது, மலிவானது, மெடிக்கல் கடையில் கிடைக்கும். எத்தனை லிட்டருக்கு ஒன்று என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அட்டையைப் படித்துவிட்டுப் போட்டு அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். தண்ணீர் கலங்கலாக இருந்தால் முதலில் துணியில் வடிகட்ட வேண்டும், இல்லையென்றால் மாத்திரையின் வீரியம் அழுக்கோடு தீர்ந்துபோகும்.

காய்ச்சினாலும் மாத்திரை போட்டாலும் எண்ணெயும் ரசாயனமும் போகாது. 2023-இல் எண்ணூரில் வெள்ளத்தோடு கச்சா எண்ணெய்க் கசிவும் வீடுகளுக்குள் வந்ததை மறக்கக் கூடாது. மணலி, எண்ணூர், கடலூர் சிப்காட் போன்ற தொழிற்சாலைப் பகுதிகளில் இருக்கிறவர்கள் சுத்திகரிப்பை நம்பாமல் சீல் வைத்த தண்ணீரைக் கூடுதலாக வைத்துக்கொள்வதுதான் சரி. மற்றவர்களுக்கு என் தேர்வு: நிறைந்த டேங்க், இரண்டு கேன், ஓர் அட்டை குளோரின் மாத்திரை. மழை பெய்யும்போது பால்கனியில் இரண்டு பக்கெட்டை வைத்தால் கழிப்பறைத் தண்ணீர் தானாக வந்துவிடும். தரைத்தளத்தில் கழிப்பறைக் குழாய் வழியே சாக்கடை எதிர்த்து ஏறினால் அதைப் பயன்படுத்தவே முடியாது. மூடி போட்ட ஒரு பக்கெட், கனமான குப்பைக் கவர்கள், ஒரு பாக்கெட் பிளீச்சிங் பவுடர் இருந்தால் சமாளிக்கலாம்.

வெளிச்சம்

மெழுகுவர்த்தியை நான் பரிந்துரைக்க மாட்டேன். மலிவு, எல்லா வீட்டிலும் இருக்கிறது, எல்லாம் உண்மை. ஆனால் குழந்தைகள் இருக்கிற இருட்டு வீட்டில், கொசுவலைக்குப் பக்கத்தில், கேஸ் சிலிண்டர் கவிழ்ந்திருக்கக்கூடிய நேரத்தில் திறந்த தீ வேண்டாம். தீயணைப்பு வண்டி வரமுடியாத நாள் அது.

சார்ஜ் செய்யும் பெரிய எமர்ஜென்சி லைட் வெளிச்சம் நன்றாகத் தரும். அதில் பழைய வகை ஈயப் பேட்டரி இருந்தால், மாதக்கணக்கில் சார்ஜ் போடாமல் வைக்கும்போது பேட்டரி செத்துவிடும். கடைக்காரர் இதைச் சொல்வதில்லை. இப்போது கிடைக்கும் ரீசார்ஜபிள் எல்.இ.டி. பல்பு அதைவிட மேல். வழக்கமான ஹோல்டரில் தினமும் எரியும், அப்படியே சார்ஜ் ஏறும், கரண்ட் போனதும் சில மணி நேரம் எரியும். இரண்டாவது கேள்விக்கு இது முழு மதிப்பெண் வாங்குகிறது. இருந்தாலும் முதல் இரவுக்கு மேல் தாங்காது.

மூன்று இரவும் தாங்குவது செல் போடுகிற சாதாரண எல்.இ.டி. டார்ச். அல்கலைன் செல்லாக வாங்குங்கள், விலை கூடினாலும் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கெடாது. செல்லை டார்ச்சுக்குள் போட்டே வைக்காமல் தனியாக வையுங்கள், கசிந்து டார்ச் வீணாகாது. இதில் ஒன்றாவது தலையில் மாட்டும் ஹெட்லைட்டாக இருக்கட்டும். இரண்டு கையும் விடுபட்டிருந்தால்தான் குழந்தையையும் தூக்கலாம், மாடிப்படிக் கைப்பிடியையும் பிடிக்கலாம். தண்ணீரில் நடக்கும்போது பாம்பையும் பூரானையும் பார்க்கவும் அதுதான் உதவும்.

சோலார் லாந்தர் பற்றிப் பலர் கேட்கிறார்கள். மழைவெள்ளம் வந்த மூன்று நாளும் வெயிலே இருக்காது, அப்போது அது பயன்படாது. கஜா மாதிரி, புயல் போன மறுநாளே வெயில் அடித்து, கரண்ட் மட்டும் பல வாரம் வராத நிலையில் அதைவிட நல்ல பொருள் இல்லை. நாகை, திருவாரூர், புதுக்கோட்டை, கடலூர்க் கிராமங்களுக்குச் சோலார் லாந்தர் தகும். சென்னைக்கு அவ்வளவு தேவையில்லை.

சார்ஜும் செய்தியும்

பவர் பேங்க் மேல் எழுதியிருக்கிற எண்ணை அப்படியே நம்பிக் கணக்குப் போடக் கூடாது. 10,000 எம்.ஏ.எச். என்று போட்டிருந்தால் வோல்டேஜ் மாறும்போது ஆகிற இழப்பு போக ஆறாயிரத்து சொச்சம்தான் போனுக்குள் போகும். 5,000 எம்.ஏ.எச். போனை ஒரு தடவையும் இன்னொரு கால் பங்கும் ஏற்றலாம். நான்கு பேர் வீட்டில் இரண்டு பவர் பேங்க் இருந்து, ஒரு நேரத்தில் ஒரு போன் மட்டும் ஆன் செய்து வைத்தால் மூன்று நாள் தாராளமாக ஓட்டலாம். 20,000 எம்.ஏ.எச். ஒன்றை வாங்குவதைவிடப் பத்தாயிரத்தில் இரண்டு வாங்குவது நல்லது. ஒன்று நனைந்தாலும் இன்னொன்று இருக்கும்.

இன்வர்ட்டர் இருக்கிறவர்கள் தங்களுக்குக் கவலையில்லை என்று நினைக்கிறார்கள். 150 ஏ.எச். பேட்டரியில் ஏட்டுக் கணக்குப்படி 1,800 வாட்-மணி இருக்கிறது. பழைய ஃபேன் இரண்டும் பல்பு நாலும் ஓடவிட்டால் ஆறேழு மணி நேரத்தில் தீர்ந்துபோகும். முதல் நாள் ராத்திரியே அது முடிந்துவிடும், பிறகு மறுபடி ஏற்ற கரண்ட் கிடையாது. அதே பேட்டரியை ஒரு பல்புக்கும் போன் சார்ஜுக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, தேவையில்லாத நேரத்தில் இன்வர்ட்டரையே ஆஃப் செய்துவிட்டால் நாள்கணக்கில் வரும். எதையும் ஓட்டாவிட்டாலும் ஆன் நிலையில் இருக்கிற இன்வர்ட்டர் பேட்டரியைத் தின்றுகொண்டுதான் இருக்கும்.

இன்னொரு ஆபத்தைச் சொல்லாமல் போகமுடியாது. தெருவில் கரண்ட் இல்லை என்று நம்பித் தண்ணீர் புகுந்த அறைக்குள் இறங்குவார்கள். இன்வர்ட்டர் ஆன் நிலையில் இருந்தால் வீட்டு வயரிங்கில் 230 வோல்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கும். தண்ணீர் வாசலைத் தொடும்போதே மெயினையும் இன்வர்ட்டரையும் அணைத்துவிட வேண்டும். தரைத்தளத்தில் மாடிப்படிக்கு அடியில் இன்வர்ட்டர் வைத்திருப்பவர்கள் மழைக்காலத்துக்கு முன் அதை உயரமான ஸ்டாண்டுக்கு மாற்றிவிடுங்கள். புதிதாக இன்வர்ட்டர் வாங்க யோசிக்கிறவர்கள் பேரிடருக்காக மட்டும் வாங்க வேண்டாம், அந்தப் பணத்தில் மற்ற எல்லாவற்றையும் வாங்கிவிடலாம்.

காரிலும் போனை ஏற்றலாம். அலர்ட் வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் காரை நிறுத்திவிட்டு வருகிற வழக்கம் வந்துவிட்டதால், கார் உங்கள் கைக்கெட்டுகிற இடத்தில் இருக்காது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். எஞ்சினையோ ஜெனரேட்டரையோ மூடிய பார்க்கிங்கிலோ வீட்டுக்குள்ளோ ஓட்டவே கூடாது. அந்தப் புகை வாசனை தெரியாமல் ஆளைக் கொல்லும்.

செய்திக்கு வாட்ஸ்அப்பா, ரேடியோவா? நெட்வொர்க் இருக்கும்வரை போன் போதும். பேரிடர் எச்சரிக்கைக்கு மத்திய அரசின் 'சசேத்', மாநில அரசின் 'டிஎன் அலர்ட்' என்ற செயலிகள் இருக்கின்றன, இன்றே ஏற்றிவைக்கலாம். நெட்வொர்க் போனபின் மிஞ்சுவது செல் போட்ட சின்ன ரேடியோதான். எஃப்.எம். மட்டும் பிடிக்கிறதை வாங்காமல் மீடியம் வேவும் பிடிக்கிறதாக வாங்குங்கள். அரசு வானொலியின் சென்னை நிலையம் மீடியம் வேவில் 720 கிலோஹெர்ட்ஸில் தொலைவுக்கும் கேட்கும். டார்ச்சுக்கும் ரேடியோவுக்கும் ஒரே அளவு செல்லாகப் பார்த்து வாங்கினால் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டம் 1077, ஆம்புலன்ஸ் 108, அவசர உதவி 112. இவற்றோடு நாலு சொந்தக்காரர் எண்களையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். போன் அணைந்துவிட்டால் பக்கத்து வீட்டுப் போனில் பேச யாருக்கும் யார் எண்ணும் மனப்பாடமாக இல்லை.

சாப்பாடும் அடுப்பும்

இதில் நம் சமையலறை உலகத்தில் எதற்கும் சளைத்ததில்லை. வெளிநாட்டுப் பட்டியல்களில் வரும் டின் உணவைத் தேடி அலைய வேண்டாம். அவல் இருக்கிறது: கொஞ்சம் தண்ணீர் தெளித்து ஊறவைத்தால் அடுப்பே இல்லாமல் பத்து நிமிடத்தில் வயிறு நிறையும், வெல்லம் போட்டால் குழந்தையும் சாப்பிடும். பொரி, பொட்டுக்கடலை, கடலைமிட்டாய், பேரீச்சம்பழம், வறுத்த சத்துமாவு எல்லாம் இதே வரிசை. சத்துமாவை காய்ச்சி ஆறிய தண்ணீரிலேயே கரைத்துக் குடிக்கலாம். ரொட்டி இரண்டு நாளில் பூசணம் பிடிக்கும், மழைக்காலத்தில் அதற்கு முன்பே பிடிக்கும். எச்சரிக்கை வந்ததும் எல்லோரும் ரொட்டியைத் தூக்குகிறார்கள், அவல் அலமாரியிலேயே இருக்கிறது. இட்லி மாவைக் குடம் குடமாக அரைத்து வைப்பதும் வீண், ஃப்ரிட்ஜ் நின்ற மறுநாள் புளித்துவிடும். உடனடி நூடுல்ஸுக்கு அடுப்பும் தண்ணீரும் வேண்டும், உப்பு தாகத்தைக் கூட்டும். கடைசி வரிசையில் வையுங்கள்.

பாலைப் பொறுத்தவரை பாக்கெட் பால் அன்றைக்கே தீர்ந்துபோகும் பொருள். 2015-இல் அரை லிட்டர் பாக்கெட்டுக்கு மக்கள் அடித்துக்கொள்ளும் நிலை வந்தது. டெட்ரா பேக் பால் மாதக்கணக்கில் வெளியில் இருக்கும், பால் பவுடர் இன்னும் மலிவு. கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர எதற்கும் போகாதீர்கள். கெட்ட தண்ணீரில் கழுவிய புட்டிப்பால், வெள்ள நாளில் குழந்தைக்கு நேரடி ஆபத்து.

2023-இல் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் போன ரயில் வெள்ளத்தில் நின்றபோது நூற்றுக்கணக்கானவர்கள் சிக்கிக்கொண்டார்கள். ஹெலிகாப்டர் வருவதற்கு முன் அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டது பக்கத்து ஊர்க்காரர்கள். அரசு உதவி வரும், ஆனால் முதல் நாளே வராது. அந்த இடைவெளிக்குத்தான் இந்த அவலும் கடலையும்.

அடுப்பில் இண்டக்‌ஷன் போய்விட்டது, மிச்சம் கேஸ். இரண்டு சிலிண்டர் இணைப்பு இருந்தால் பருவமழைக் காலத்தில் ஒன்று எப்போதும் முழுசாக இருக்கும்படி பதிவு செய்யுங்கள். ஒரு சிலிண்டர்தான் என்றால் ஐந்து கிலோ சின்ன சிலிண்டர் நல்ல மாற்று, மாடிக்குத் தூக்கிப்போவதும் எளிது. கேஸ் சிலிண்டர் தண்ணீரில் மிதக்கும் என்பது பலருக்குத் தெரியாது. மிதந்து புரண்டால் டியூப் பிடுங்கிக்கொண்டு கசியும். வீட்டுக்குள் தண்ணீர் வரும்போலத் தெரிந்தால் ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு, சிலிண்டரைக் கயிற்றால் கட்டிவிடுங்கள் அல்லது மாடிக்கு ஏற்றிவிடுங்கள்.

மருந்து

ரெடிமேட் முதலுதவிப் பெட்டியில் பாதி பேண்டேஜாக இருக்கும். வெள்ள நாளில் அதைவிட அதிகம் தேவைப்படுவது தினசரி மாத்திரை. சர்க்கரை, பிரஷர், தைராய்டு, வலிப்பு, ஆஸ்துமா ஆகியவற்றுக்கு இரண்டு வார மருந்தைக் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், டாக்டர் சீட்டின் படத்தையும் எடுத்து வையுங்கள். ஓ.ஆர்.எஸ். பத்து பாக்கெட், பாராசிட்டமால், சேற்றுப்புண்ணுக்கான களிம்பு, டெட்டால், கொசுவர்த்தி, நாப்கின் இரண்டு பாக்கெட் போதும். ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். டம்ளருக்குக் கொஞ்சம் என்று பிரித்துப் போடாதீர்கள்.

இன்சுலின் போடுகிறவர்கள் ஃப்ரிட்ஜ் நின்றதும் பயந்துபோகிறார்கள். உபயோகத்தில் இருக்கிற பேனாவோ பாட்டிலோ அறை வெப்பத்தில் சுமார் நான்கு வாரம் தாங்கும். உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் என்பதை மருந்துக் கடையிலோ டாக்டரிடமோ இப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஐஸில் புதைக்கக் கூடாது, உறைந்தால் மருந்து கெட்டது. ஈரமண் பரப்பிய மண்பானைக்குள் கவரில் சுற்றி வைப்பது கிராமங்களில் பலர் கடைப்பிடிக்கும் நல்ல வழி.

பத்திரமும் பணமும்

ஆதார், ஓட்டுநர் உரிமம், மதிப்பெண் சான்றிதழ் போன்றவற்றுக்கு டிஜிலாக்கர் போதும், சட்டப்படி அது அசலுக்குச் சமம். வீட்டுப் பத்திரம் போன்ற மூலப் பத்திரங்களுக்கு அது உதவாது. ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர் இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து அதற்குள் அவற்றைப் போட்டு, அந்தக் கிளம்பும் பையிலேயே வைத்துவிடுங்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு சான்றிதழ் நகல் கொடுக்க அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது. அங்கே நின்ற வரிசைகளைப் பார்த்தவர்களுக்கு முப்பது ரூபாய்க் கவரின் அருமை தெரியும்.

ரொக்கம் ஐயாயிரமாவது இருக்கட்டும், எல்லாம் 500 ரூபாய் நோட்டாக வேண்டாம். சில்லறை இல்லாத நாளில் இருபது ரூபாய்ப் பொருளுக்கும் ஐந்நூறு போய்விடும்.

முதலில் எதை வாங்குவது?

ஆயிரம் ரூபாய்தான் ஒதுக்க முடியும் என்றால் டார்ச், செல், குளோரின் மாத்திரை, ஓ.ஆர்.எஸ்., ஜிப் கவர், அவல், கடலைமிட்டாய். இவ்வளவுக்கும் அந்தப் பணம் போதும். அடுத்த மாதம் கூடுதல் கேன்களும் ஒரு பவர் பேங்க்கும். அதற்கடுத்து ரேடியோ, ஹெட்லைட், ரீசார்ஜபிள் பல்பு. தினசரி சாப்பிடுகிற மாத்திரை மட்டும் இந்த வரிசைக்கு வெளியே, அதை முதல் வாரமே வாங்கிவிட வேண்டும். அக்டோபர் முதல் வாரத்தில் எல்லாவற்றையும் ஒருமுறை வெளியே எடுத்துச் செல் போட்டுப் பார்த்து, பவர் பேங்க்கை ஏற்றி, மருந்தின் தேதியைப் பாருங்கள். ஜனவரி முடிந்ததும் அவலையும் கடலைமிட்டாயையும் சாப்பிட்டுத் தீர்த்துவிடுங்கள்.

தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறவர்களுக்கு இன்னொன்று இருக்கிறது, அதற்குக் காசே வேண்டாம். மாடியில் இருக்கிற குடும்பத்திடம் இப்போதே போய், "தண்ணி வந்தா எங்க சிலிண்டரையும் பையையும் உங்க மாடிப்படியில வெச்சுக்கலாமா அக்கா, பாட்டி ராத்திரி உங்க வீட்ல படுத்துக்கலாமா?" என்று கேட்டுவையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு முழங்கால் தண்ணீரில் நின்று கதவைத் தட்டும்போது அந்தக் கேள்வியைப் புதிதாகக் கேட்கும் நிலை வரக்கூடாது. மாடியில் இருக்கிறவர்கள், கீழ்வீட்டார் கேட்பதற்கு முன் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள்.